ஜூன் மாத வெயிலும் மலைக்கு அப்பால் பெய்த மழையும்

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்முனையில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஆண்டில் இரண்டு தடவை. ஏப்ரல் 8, 9ஐ ஒட்டி ஒரு தடவை, செப்டெம்பர் 3, 4ஐ ஒட்டி மற்றொரு தடவை. அந்த நாட்களில் நட்டுவைத்த கம்பின் நிழல் அதன் அடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். பாடசாலைப் புவியியலை அப்படியே நம்பினால் ஊர் அதிகம் கொதிக்க வேண்டியதும் அப்போதுதான். ஆனால் கொதிப்பதில்லை. ஏப்ரலில் புழுங்கும், சட்டை முதுகோடு ஒட்டும். வெப்பமானி உச்சத்தைத் தொடுவதோ ஜூன் மாதத்தில், சூரியன் கல்முனையைத் தாண்டி வடக்கே 16 பாகை போய்விட்ட பிறகு.

அதே ஜூனில் கொழும்பில் குடை பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். மே மாதக் கடைசியில் செய்தி வாசிப்பவர் தென்மேல் பருவப்பெயர்ச்சி தொடங்கிவிட்டதென்று அறிவிப்பார். களுத்துறையிலும் இரத்தினபுரியிலும் ஆறுகள் பெருகும். மண்சரிவு எச்சரிக்கை வரும். கல்முனையை ஒட்டிய சாய்ந்தமருதில் அந்தச் செய்தியைக் கேட்டுக்கொண்டிருக்கும் உம்மாவோ, மேற்கு ஜன்னலைச் சாத்தி, வீட்டுக்குள் வந்து படிந்த புழுதியைக் கூட்டிக்கொண்டிருப்பார். இலங்கையின் பருவங்களை நான்காகப் பிரித்து நாம் எல்லோரும் பரீட்சைக்கு எழுதியிருக்கிறோம்: முதலாம் இடைப்பருவம் மார்ச், ஏப்ரல். தென்மேல் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை. இரண்டாம் இடைப்பருவம் ஒக்டோபர், நவம்பர். வடகீழ்ப் பருவக்காற்று டிசம்பர் முதல் பெப்ரவரி வரை. பிரிப்பு சரியானதுதான். ஆனால் அதை மேற்குக் கரையிலிருந்து வாசித்தால் ஒரு கதை, கிழக்குக் கரையிலிருந்து வாசித்தால் முழுக்க வேறொரு கதை. நம் பாடப்புத்தகங்களும் செய்திகளும் பெரும்பாலும் முதல் கதையைத்தான் சொல்லி வந்திருக்கின்றன.

கல்முனையின் ஆண்டைச் சூரியன் வகுப்பதில்லை என்பதற்கு எண்களே போதும். இவ்வூர் கிடப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழரைப் பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வித்தியாசம் ஏறத்தாழ 50 நிமிடம் மட்டுமே. ஜனவரியின் சராசரி வெப்பநிலைக்கும் ஜூனின் சராசரிக்கும் இடைவெளி நான்கைந்து பாகை செல்சியஸ். ஒரே நாளின் அதிகாலைக்கும் பிற்பகலுக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாக இருக்கும். ஆகவே இங்கே கோடையென்றும் குளிரென்றும் ஆண்டைப் பிரிக்க முனைந்தால் கைக்கு எதுவும் அகப்படாது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேட்டால் எல்லாம் அகப்படும். கடலுக்குப் போகிறவரும் வயல் வட்டைக்குப் போகிறவரும் பருவத்தைக் காற்றின் பெயரால்தான் சொல்கிறார்கள். கச்சான், கொண்டல், வாடை என்று.

இவற்றுள் கச்சான் தனிக் கவனத்துக்குரியது. அமெரிக்க வளிமண்டலவியல் சங்கத்தின் கலைச்சொல் தொகுதியில் இக்காற்றுக்குத் தனிப் பதிவு இருக்கிறது, இதே பெயரில். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் இலங்கை மலைகளின் மறுபக்கத்தில் வீசும் சூடான, வரண்ட காற்று என்றும், மட்டக்களப்பில் அது நன்கு உருப்பெற்று, கடற்காற்றையே வென்று வெப்பநிலையைக் கிட்டத்தட்ட 38 பாகைக்கு உயர்த்திவிடும் என்றும் அங்கே குறித்திருக்கிறார்கள். மட்டக்களப்பு கல்முனைக்கு வடக்கே 40 கிலோமீற்றர் அளவில்தான் இருக்கிறது. நம் உம்மாமார் திட்டித் தீர்க்கும் காற்று உலகப் பட்டியலில் ஏறியது, அல்ப்ஸ் மலையின் ஃபோன், ரொக்கி மலையின் சினூக் ஆகிய காற்றுகளின் இனத்தைச் சேர்ந்தது என்பதால். மலை இல்லாமல் இவற்றில் எதுவும் பிறக்காது.

எப்படிப் பிறக்கிறது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். அரபிக் கடலும் இந்து சமுத்திரமும் தந்த ஈரத்தோடு தென்மேற்கிலிருந்து வரும் காற்று, கடல்மட்டத்தில் 29 பாகை என்று வைத்துக்கொள்வோம். நடுவே மத்திய மலைநாடு நிற்கிறது. பீதுருதாலகாலை உச்சி மட்டும் 2,524 மீற்றர். காற்று ஏற வேண்டியிருக்கிறது. மேலே அமுக்கம் குறைவு. ஏறும் காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. ஈரம் நீராவியாகவே இருக்கும் மட்டும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறத்தாழ 10 பாகை குறையும். 500 மீற்றரில் முகில் கட்டத் தொடங்குகிறது என்றால் அங்கே காற்று 24 பாகை. இதற்கு மேல்தான் விசயம் மாறுகிறது. நீராவி துளியாகும்போது தனக்குள் ஒளித்து வைத்திருந்த வெப்பத்தை வெளியே விடுகிறது. அந்த வெப்பம் காற்றைத் தாங்கிப் பிடிப்பதால், அதன் பிறகு கிலோமீற்றருக்கு ஐந்து பாகை அளவில்தான் குளிர்கிறது. 2,000 மீற்றரை எட்டும்போது 16.5 பாகை. ஈரத்தில் பெரும்பங்கு இதற்குள் மழையாகக் கொட்டித் தீர்ந்துவிட்டது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டுவது இதனால்தான்.

இனி இறக்கம். ஊவாவின் சரிவுகளால் கீழே வரும் காற்று அமுங்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுமே, அதே காரணத்தால் இந்தக் காற்றும் சூடாகிறது. இப்போது அதில் முகில் இல்லை, துளி இல்லை. எனவே கிலோமீற்றருக்கு முழுசாகப் 10 பாகை. 2,000 மீற்றர் இறங்கினால் 20 பாகை கூடும். 16.5உடன் 20ஐக் கூட்டுங்கள்: 36.5. மேற்கே 29 பாகையில் புறப்பட்ட காற்று கிழக்கே ஏழரைப் பாகை கூடுதலாக வந்து சேர்கிறது. அந்த ஏழரைப் பாகையும் வட்டவளையில் மழையாகக் கொட்டிய நீராவி விட்டுச்சென்ற வெப்பம். அங்கே எவ்வளவு நனைகிறார்களோ அவ்வளவுக்கு இங்கே காய்கிறோம்.

எல்லா நாளும் இப்படித்தான் நடக்கிறதென்று அடித்துச் சொல்ல முடியாது. ஃபோன் காற்றுகளை ஆராய்ந்தவர்கள் இன்னொரு வழியையும் காட்டியிருக்கிறார்கள். கீழ்மட்ட ஈரக்காற்று மலையில் முட்டித் தடைப்பட்டு நின்றுவிட, அதற்கு மேலே ஏற்கெனவே உயரத்தில் வந்துகொண்டிருந்த வரண்ட காற்று மட்டும் மலையைத் தாண்டி மறுபக்கம் சரியும். அப்போது மழையின் உதவி இல்லாமலே இறங்கும் தூரம் முழுவதும் சூடாகிக்கொண்டு வரும். நம் மலைகளில் இரண்டும் கலந்தே நடக்கும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. எந்த வழியில் வந்தாலும் கீழே வந்து சேர்வது ஒன்றுதான்: முகிலைக் கரைத்துவிடும் வரண்ட காற்றும், தடையின்றி விழும் வெயிலும். ஜூனில் சம்மாந்துறை வயல்வெளியில் நின்று மேற்கே பார்த்தால் தொலைவில் மலைப்பக்கம் முகில் திரண்டு நிற்கும். தலைக்கு மேலே நீல வானம்.

இதே காற்று கல்முனைக்கு வருமுன் ஊவாவின் தேயிலைக் கொழுந்துகளைத் தொட்டுவிட்டு வருகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை பதுளைப் பக்கத்துத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு. வரட்சிக் காற்று தரும் நெருக்கடியில் செடி சில வாசனைப் பொருட்களைக் கூடுதலாகச் சுரக்கிறது. மெதைல் சலிசிலேற்று அவற்றில் முக்கியமானது. ஊவாத் தேநீரின் அந்தக் குளிர்ந்த நெடி அதனுடையது. தேயிலைக்காரர் காத்திருந்து வரவேற்கும் காற்றை நாங்கள் ஜன்னலைச் சாத்தித் தடுக்கிறோம்.

கடலோரத்தில் இருந்துகொண்டு கடற்காற்று கிடைக்கவில்லையா என்று வெளியூரார் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. வழமையான நாளில் முற்பகல் பத்து, பதினொரு மணிக்குள் தரை கடலைவிட விரைவாகச் சூடாகி, அதன் மேலுள்ள காற்று எழும்பி, அந்த இடத்தை நிரப்பக் கடற்பக்கமிருந்து ஈரக்காற்று உள்ளே வரும். வந்தவுடன் வெப்பமானி ஏறுவதை நிறுத்திவிடும். கச்சான் பலமான நாளில் இரண்டு காற்றும் ஊருக்கு மேலேயே மோதுகின்றன. கடற்காற்று பகல் ஒரு மணி, இரண்டு மணி வரை வெளியே தடைப்பட்டு நிற்கும், சில நாள் வராமலே போகும். அத்தகைய நாட்கள்தான் 36, 37 என்று பதிவாகின்றன. சென்னை வாசகர்களுக்கு இது புதிதல்ல. மே மாதத்தில் மேற்குத் தரைக்காற்று வலுத்துக் கடற்காற்று தாமதமாகும் நாளில்தான் அங்கும் நகரம் வெந்து போகிறது.

ஆனாலும் ஏப்ரலைவிட ஜூன் தாங்கக்கூடியது என்று சொல்பவர்கள் உண்டு, அவர்கள் சொல்வதில் பிழையில்லை. உடம்பு தன்னைக் குளிர்விப்பது வியர்வை காய்வதால். கச்சான் காற்றில் வியர்வை தெரியுமுன் காய்ந்துவிடும். உதடு வெடிக்கும், தாகம் எடுக்கும், ஆனால் மரநிழலில் நின்றால் ஆறும். ஏப்ரலில் 33 பாகைதான் இருக்கும், காற்று அசையாது, ஈரம் ஏற்கெனவே நிறைந்திருக்கும், வியர்வைக்குப் போக இடமில்லை. வளிமண்டலவியல் திணைக்களம் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடுப்பது இந்தப் புழுக்கத்தைப் பார்த்துத்தான். வெப்பமானி ஒரு கதையும் உடம்பு ஒரு கதையும் சொல்வது முரண் அல்ல. அவை அளப்பதே வேறு வேறு.

கச்சான் காலம் வெயில் மட்டும் கொண்டுவருவதில்லை. கடல் அமைதியாகிறது. காற்று தரையிலிருந்து கடலுக்குப் போவதால், கரையோரத்தில் அலை எழுப்ப அதற்குத் தூரம் போதாது. மார்ச்சுக்குப் பிறகு செப்டெம்பர் வரை கரைவலை இழுக்கும் பருவம் இப்படித்தான் அமைகிறது. மீனவர் குடில்களான வாடிகள் மறுபடி முளைக்கும், தோணி வளையம் போட்டு வரும், இருபுறமும் ஆட்கள் வரிசையாக நின்று இழுப்பார்கள். கீரியும் நெத்தலியும் கரைக்கு வரும். மேற்குக் கரையில் அந்நேரம் கடல் கொந்தளிப்பதால், நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் கிழக்குக்கு இடம்பெயர்ந்து வந்து வாடி போட்டுத் தொழில் செய்த வழக்கம் நெடுங்காலமானது. ஒரே தீவின் இரண்டு கரைகளும் கடலை முறைவைத்துப் பகிர்ந்துகொண்டது போன்ற ஏற்பாடு. இதில் ஆபத்தும் உண்டு. இயந்திரம் பழுதான படகை வாடை கரைக்குத் தள்ளும், கச்சான் ஆழிக்குக் கொண்டுபோகும்.

தெற்கே பொத்துவிலுக்கு அருகில் அறுகம்பை, ஊரார் பேச்சில் உல்லை. அங்கே இதே மாதங்களில் அலைச்சறுக்குக்காக உலகின் பல திசைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கடல் அமைதி என்றேனே, பிறகு அலை எங்கிருந்து? அது நம் பக்கத்து அலையே அல்ல. தென் அரைக்கோளத்தில் 40, 50 பாகை அகலக்கோட்டில், அங்கே மாரி காலமான ஜூன், ஜூலையில், பெரும் புயல்கள் எழுப்பும் நீளலைகள் பல ஆயிரம் கிலோமீற்றர் கடந்து வந்து முனையில் திரும்பி உடைகின்றன. எதிரே கரையிலிருந்து வரும் காற்று அலையின் முகத்தை ஒழுங்காக்கி நிமிர்த்தி வைக்கிறது. கச்சானால் இலாபம் பார்க்கும் தொழில்களில் இதுவும் ஒன்று. மருதமுனைக் கைத்தறிக்காரரையும் சேர்க்கலாம். சாயமிட்ட நூலைக் காயவைக்க அவருக்கு வரண்ட காற்று வேண்டும்.

வெள்ளாமையின் நிலைமை சுவாரசியமானது. மழையே இல்லாத மே, ஜூன், ஜூலையில் நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று வட்டைகள் பச்சையாக நிற்கும். சிறுபோகம். நீர் வருவது இங்கினியாகலையில் கட்டிய சேனாநாயக்க சமுத்திரத்திலிருந்து. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் மையம் அது. பட்டிப்பளை ஆற்றை மறித்து அமைந்த அந்தக் குளத்தை நிரப்புவது, மலைநாட்டின் கிழக்குச் சரிவில் விழும் வடகீழ்ப் பருவ மழை. அதாவது தென்மேல் பருவக்காற்று மேற்குப் பக்கத்தை நனைக்கும் மாதங்களில்கூட நம் வயலுக்குப் பாய்வது போன மாரியின் தண்ணீர்தான். டிசம்பரில் குளம் நிரம்பாவிட்டால் ஏப்ரலில் கூடும் விவசாயிகள் கூட்டத்தில் விதைப்புப் பரப்பைக் குறைக்கும் பேச்சு எழும். நிலச் சொந்தக்காரரான போடியார்கள் ஜனவரியிலேயே குளத்தின் மட்டத்தை விசாரிக்கத் தொடங்குவது வீண் கவலை இல்லை.

கிணறுகளும் அப்படித்தான். கல்முனைக் கரையோரம் கடலுக்கும் வயலுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல்மேடு. மணலுக்குள் இறங்கிய மழைநீர் கீழேயுள்ள உப்புநீரின் மேல் மிதக்கிறது. நல்லநீர் அடர்த்தி குறைந்தது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நல்லநீர் நின்றால் கீழே சுமார் 40 மீற்றர் ஆழம் வரை அது உப்பைத் தள்ளி வைத்திருக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. மேலே ஒரு சாண் குறைந்தாலும் கீழே உப்பு பல சாண் ஏறும் என்பதுதான் அக்கணக்கின் மறுபக்கம். ஆகஸ்டில் கரையோரக் கிணறு சவர்க்கும். 2004 டிசம்பர் 26 சுனாமி எல்லாக் கிணறுகளிலும் கடலைக் கொட்டிவிட்டுப் போனது. இறைத்து இறைத்துப் பார்த்தும் தீராத உப்பை அடுத்தடுத்த மாரி மழைகள்தான் படிப்படியாகக் கழுவின.

ஜூலைக் கடைசியிலிருந்து பிற்பகலில் வானம் மாறத் தொடங்கும். வானொலியில் வரும் அறிவிப்பு எல்லோருக்கும் மனப்பாடம்: ஊவா, கிழக்கு மாகாணங்களில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை. கச்சான் தளர்ந்த நாட்களில் கடற்காற்று வெகுதூரம் உள்ளே போய்ச் சூடேறிய தரைக்காற்றோடு கலந்து மேலெழுந்து இடிமுகிலாகிறது. மேல்மட்டத்து மேற்குக் காற்று அதைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும். சில நாள் அம்பாறையில் கொட்டிவிட்டுக் கரைக்கு வெறும் குளிர்ந்த காற்றை மட்டும் அனுப்பும். விரிப்பில் போட்ட நெல்லை அள்ள ஓடுவதா வேண்டாமா என்று முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்க்கும் மாதம் இது.

ஒக்டோபரில் காற்றுக்குத் திசையே இராது. உலகின் வெப்பவலய மழைப்பட்டை, அதாவது வடக்குத் தெற்குக் காற்றுகள் சந்தித்து எழும்பும் பகுதி, சூரியனைப் பின்தொடர்ந்து தெற்கே நகர்கையில் இலங்கையைக் கடக்கிறது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகத் தொடங்குகின்றன. முதல் மழையில் வட்டை உழுபடும், பெரும்போக விதைப்பு நடக்கும். நவம்பர் நடுவுக்குப் பிறகு வாடை நிலைகொள்ளும். ஆசியப் பெருநிலம் குளிர்ந்து அங்கே காற்று கனத்துத் தெற்கே ஓடிவருகிறது. புறப்படும்போது அது வரண்ட காற்று. ஏறத்தாழ 28 பாகையில் கிடக்கும் வங்கக் கடலின் மேல் ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து ஈரம் நிறைந்து, முதன்முதலில் முட்டும் கரைகளில் ஒன்று எங்களுடையது. கச்சானுக்குக் குறுக்கே நின்ற மலை இப்போது எங்களுக்குப் பின்னால் நிற்கிறது.

மட்டக்களப்பின் ஆண்டு மழை 1,650 மில்லிமீற்றர் அளவில். லண்டனுக்குக் கிடைப்பதைவிட இரண்டரை மடங்குக்கு மேல். இருந்தும் நாங்கள் உலர் வலயம். பிழையான பெயர் என்று சொல்லமாட்டேன், அரைகுறைப் பெயர். மொத்தத்தில் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரிக்குள் கொட்டிவிடுகிறது. டிசம்பர் ஒன்றுக்கு மட்டும் சராசரி 400 மில்லிமீற்றரை ஒட்டி வரும். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு லீற்றர். 10 பேர்ச் வளவு 253 சதுர மீற்றர். ஆக அந்த ஒரு மாதத்தில் ஒரு சின்ன வளவின் மேல் மட்டும் ஒரு இலட்சம் லீற்றர் விழுகிறது. ஜூனில் அதே வளவுக்குக் கிடைப்பது இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இந்தத் தண்ணீர் எங்கே போவது? கடலோரத்து ஊர் மணல்மேட்டில் இருக்கிறது. அதற்கு மேற்கே வயல்களும் களப்பும் பள்ளத்தில். மலையடிவாரத்திலிருந்து வரும் வெள்ளம் மேட்டுக்குப் பின்னால் தேங்கி, விரல்விட்டு எண்ணக்கூடிய வாய்களால் மட்டுமே கடலை அடைய முடியும். அந்த வாய்களையும் கச்சான் காலத்து அலை மணல்போட்டு மூடியிருக்கும். அதனால்தான் மாரி தொடங்கியதும் ஆற்றுவாய் வெட்டுவது பற்றிய வாக்குவாதம் ஆண்டுதோறும் எழுகிறது. முந்தி வெட்டினால் களப்பு வடிந்து இறாலும் மீனும் போய்விடுமென்று மீனவர் சொல்வார். பிந்தி வெட்டினால் பயிர் அழுகுமென்று விவசாயி சொல்வார். சாய்ந்தமருதுத் தோணாவைப் போன்ற வடிகால்கள் குப்பையாலும் ஆக்கிரமிப்பாலும் சுருங்கியிருப்பது இதோடு சேர்ந்த கதை. வெள்ளத்துக்கு வானத்தைக் குற்றம் சொல்வது எளிது. வாய்க்காலைப் பார்ப்பது சங்கடம்.

2024 நவம்பர் 26 அன்று காரைதீவு, மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்கள் பயணித்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடிபட்டுப் பிள்ளைகள் உயிரிழந்ததை இப்பகுதி மறக்கவில்லை. அந்த வீதி மணல்மேட்டை உள்நாட்டோடு இணைப்பது. வெள்ளம் வடியும் பாதையைக் குறுக்கே கடப்பது. அன்று மழை தந்த தாழமுக்கம்தான் பின்னர் ஃபெஞ்சல் என்ற பெயரோடு நவம்பர் 30இல் புதுச்சேரிக்கருகே கரை கடந்தது. பெயர் பெறுமுன்பே அது கொன்றுவிட்டது. வெளியூர்ச் செய்திகள் சூறாவளியின் பெயர் சூட்டலிலிருந்து தொடங்குவதால் இந்த முதல் அத்தியாயம் விடுபட்டுப் போகிறது.

சூறாவளியே நேராக வருவது அரிது. பூமியின் சுழற்சி காற்றைத் திருப்பும் வலு நிலநடுக்கோட்டுக்கு அருகே குறைவு. ஐந்து பாகைக்குள் சூறாவளி உருவாவதே அபூர்வம், ஏழு பாகை அதன் விளிம்பு. பெரும்பாலானவை எங்களைத் தொட்டும் தொடாமலும் வடக்கே தமிழ்நாட்டுக்கும் ஆந்திராவுக்கும் போய்விடும். விலக்குகளில் ஒன்று 1978 நவம்பர் 23. அன்றிரவு மட்டக்களப்புக் கரையில் ஏறிய சூறாவளியில் 900க்கும் அதிகமானோர் இறந்தார்கள். தென்னந்தோட்டங்கள் ஒரே இரவில் சாய்ந்தன. வயதானவர்கள் பிறப்பையும் கலியாணத்தையும் இன்றும் அந்தச் சூறாவளிக்கு முந்தி, பிந்தி என்று கணக்கிடுவதைக் கேட்கலாம்.

பெருமழைக்குச் சூறாவளி தேவையுமில்லை. 2011 ஜனவரியில் அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்களை மூழ்கடித்து, நாடு முழுவதும் பத்து இலட்சம் பேருக்கு மேல் பாதித்த மழை, பசிபிக் கடலில் பலமான லா நினா நிலவிய பருவத்தில் வந்தது. எல் நினோ என்றால் வரட்சி என்று பொதுவாக நினைக்கிறோம். இலங்கையில் அது அவ்வளவு நேரானதல்ல. எல் நினோ ஆண்டுகளில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழை கூடும் போக்கும், அதன் பின் ஜனவரி முதல் மார்ச் வரை குறையும் போக்கும் காணப்படுகின்றன. லா நினாவில் இது தலைகீழ். ஒரே மாரியின் முன்பாதியும் பின்பாதியும் எதிரெதிராக நடந்துகொள்ளலாம். பெரும்போக நெல் முற்றும் ஜனவரியில் கொட்டும் மழை எவ்வளவு நட்டம் என்பதை வெட்டுக்காரரைக் கேட்டால் தெரியும். காற்று ஒரு பாகை சூடானால் அது சுமக்கக்கூடிய நீராவி ஏழு வீதம் கூடுகிறது. சூடாகிவரும் வங்கக் கடல் இந்தக் கணக்கை எங்களுக்குச் சாதகமாகத் தீர்க்கப் போவதில்லை.

தை பிறந்ததும் வாடை தெளிந்துவிடும். மழை இடைவெளிவிட்டுப் பெய்யும். விடியற்காலையில் 22, 23 பாகைக்கு இறங்கும்போது சுபஹு தொழப் போகிறவர்கள் கூதல் என்று தலையைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். நுவரெலியாக்காரர் சிரிக்கட்டும். மாசியில் பனி விழும், வெள்ளாமை வெட்டு நடக்கும். ஆண்டின் மிக இதமான நாட்கள் இவை. மார்ச்சில் காற்று மறுபடி திசை இழக்கும்.

காற்றுகள் மாறிமாறி வீசும்போது மணலும் கூடவே நடக்கிறது. தெற்கு நீளலைகள் கரையோர மணலை வடக்கே கொண்டுபோகும், வாடைக் காலத்து அலைகள் ஓரளவு தெற்கே திருப்பும். வரவு செலவு பார்த்தால் மீதி வடக்கு நோக்கியே. இந்த ஓட்டத்துக்குக் குறுக்கே டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டி 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புகள் நீண்டன. தெற்கே மணல் குவிந்தது, துறைமுக வாயும் அடைபட்டது. வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கரை தின்னப்பட்டது. தென்னைகள் வேரோடு கடலில் விழுந்தன. கடல் ஏறி வருகிறது என்று ஊர் சொன்னது. உண்மையில் அங்கே நடந்தது, ஆண்டுதோறும் வந்து சேரவேண்டிய மணல் வராமல் போனது.

பருவத்தை உடம்பால் அறிய இந்த ஊர்களில் இன்னொரு வழி இருக்கிறது. நோன்பு சந்திரக் கணக்கில் வருவதால் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவத்தையும் சுற்றிவிடும். ஐரோப்பாவின் வடக்கே வாழும் நம் பிள்ளைகளுக்கு இதன் பொருள் நேரம். ஜூனில் வந்தால் பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல், டிசம்பரில் வந்தால் அதில் பாதிக்குச் சற்றுக் கூடுதல். கல்முனையில் சஹர் முடிவிலிருந்து நோன்பு திறக்கும் வரை எப்போதும் பதின்மூன்றரை மணிக்குச் சற்று முன்பின். பருவத்துக்குப் பருவம் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குள். மாறுவது தாகம். 2015, 2016ஆம் ஆண்டுகளில் நோன்பு முழுவதும் ஜூன், ஜூலைக் கச்சானுக்குள் விழுந்தது. அஸர் தொழுகைக்குப் பிறகு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும் நோன்புகள் அவை. 2030இல் ஒரே ஆண்டில் இரண்டு தடவை தலைநோன்பு வரும், ஜனவரி முதல் வாரத்திலும் டிசம்பர் கடைசி வாரத்திலும். இரண்டும் வாடையில். அப்போது தாகம் பெரிதாகத் தெரியாது, கஞ்சி வாங்கப் பள்ளிக்குப் போகத்தான் குடை வேண்டியிருக்கும். மீண்டும் கச்சானில் நோன்பு பிடிக்க 2040களின் பிற்பகுதி வரை பொறுக்க வேண்டும். 2016இல் முதல் நோன்பு பிடித்த பிள்ளைக்கு அப்போது நாற்பது வயது.